உள்ளே எத்தனை பேர்?

லிஃப்ட் கம்பெனியின் சேவை அலுவலகத்தில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். சுண்டிவிட்டவர் யாரென்று தெரியாது, மனிதர் இருபத்தைந்து வருடமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். அவர் உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. மதியச் சாப்பாடுகூட நின்றபடிதான். நாற்காலியை நீட்டினால் அதன் கால் ஆடுகிறதா என்று குனிந்து பார்ப்பார். ஆடினால் திருகை முடுக்குவார், ஆடாவிட்டால் தனக்கு இங்கே வேலையில்லை என்பதுபோல நகர்ந்துவிடுவார். யாரிடமாவது பேச நின்றால் இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்து விரலில் ஏறிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றும். எதிரில் நிற்பவருக்குத்தான் தலை சுற்றும்.

ஆனால் யாராவது லிஃப்டில் மாட்டிக்கொண்டால் அவருடைய குரல் வேறு மனிதருடையதாகிவிடும். கால் இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டிருக்கும், குரல் மட்டும் சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல இருக்கும். முதல் கேள்வி, "உள்ள எத்தனை பேர்?" இரண்டாவது, "மூச்சு விட முடியுதா?" மூன்றாவது கேள்வி கிடையாது. எந்த பட்டனை அமுக்கினீர்கள், ஏன் அமுக்கினீர்கள் என்றெல்லாம் கேட்கவே மாட்டார். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்வார்.

"மாட்டிக்கிட்டவங்ககிட்ட விசாரணை வைக்காதீங்க. எத்தனை பேர், மூச்சு வருதா, எத்தனை நிமிஷத்துல வருவோம். அவ்வளவுதான் பேச்சு."

நல்ல பாடம். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது இந்தப் பாடத்தையும் சேர்த்துக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். ஊராரையெல்லாம் குரலாலேயே தட்டிக்கொடுக்கிற மனிதரிடம் பெற்ற மகள் பேசி மூன்று மாதம் ஆகியிருந்தது.

மகளுக்குப் பதினாறு வயது. பள்ளிப் படிப்பு இன்னும் ஒரு வருடம் பாக்கி. பிடிவாதத்தில் தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி என்பார்கள். இங்கே தகப்பனார் எட்டடி. உப்பு வேண்டுமென்றால் அவரைத் தாண்டி அம்மாவிடம் கேட்பாள், அந்த உப்பு அவர் கைக்குப் பக்கத்திலேயே இருந்தாலும். 'அவர்' என்றுதான் சொல்வாள். அப்பா என்ற சொல் அந்த வீட்டிலிருந்து காணாமல் போயிருந்தது.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களின் காதுக்கும் மூக்குக்கும் தக்கபடி சட்டத்தை வளைத்துக் கொடுக்கிற வேலை. வீட்டில் இருந்த இரண்டு பேரையும் எந்தப் பக்கம் வளைப்பது என்று தெரியாமல் ஒன்றரை மாதம் தவித்துப் பார்த்தாள். பிறகு கடைக்கு வந்த ஓர் ஆசிரியை சொன்னதைக் கேட்டு, ஆன்லைனில் குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சலரிடம் பதிவு செய்துவிட்டு வந்தாள். ஆறு சனிக்கிழமை, மாலை நாலு மணி, முக்கால் மணி நேரம்.

"வீட்டு விஷயத்தை முன்ன பின்ன தெரியாத ஒரு அம்மாகிட்ட போன்ல கொட்டறதா? நாலு சுவத்துக்குள்ள இருக்க வேண்டியது" என்று பம்பரம் குதித்தார்.

"நாலு சுவரும் இருக்குங்க. கதவுதான் இல்ல" என்றாள் மனைவி.

அதோடு அவர் குதிப்பு நின்றது. ஏனென்றால் சங்கதியே அந்தக் கதவுதான்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அது நடந்தது. மகள் தோழியோடு எதற்கோ மனத்தாங்கல் ஆகி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். பதினாறு வயதில் இது பெரிய விஷயமே இல்லை. அரை மணி கழித்துப் பம்பரம் கதவைத் தட்டினார். பதில் இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை. போனில் அழைத்தார். உள்ளே மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த மனிதருக்கு அப்போது என்ன ஆயிற்று என்பது அவருக்கே பிறகு சரியாகச் சொல்லத் தெரியவில்லை. காதுக்குள் இரைச்சல் கேட்டது, கை தன்னால் கருவிப் பையைத் தேடிப் போயிற்று. அறை சின்னது என்று அந்தக் கதவை ஹால் பக்கம் திறக்கும்படி வைத்திருந்தார்கள். கீல்களும் ஹால் பக்கம்தான். மூன்று கீல், மூன்று ஆணி. கீழிருந்து மேலாக மூன்றையும் தட்டி எடுத்தார். தாழ்ப்பாள் போட்டபடியே கதவு கையோடு வந்துவிட்டது. நாலே நிமிடம்.

உள்ளே மகள் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு அழுது அழுது தூங்கிப்போயிருந்தாள். விழித்துப் பார்த்தபோது கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுத்தியலோடு அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"பதில் சொன்னா வாயிலேர்ந்து முத்தா உதிர்ந்துடும்?" என்று கத்தினார்.

அதோடு விட்டிருந்தாலும் போயிருக்கும். கதவைத் திரும்ப மாட்ட அவருக்கு மனம் வரவில்லை. "கரையான் அரிச்சிருக்கு, வேற போடணும்" என்று சொல்லி அன்று சாயங்காலமே கம்பெனி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மனைவி ஒரு படுக்கை விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டாள். வேறு கதவு இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று மூன்று மாதம் ஓடியது. மகள் முதல் இரண்டு நாள் கேட்டாள், பிறகு பேச்சையே நிறுத்திவிட்டாள்.

ஆலோசனை தொடங்கியது. மூன்று பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் மூன்றாவது நிமிடம் போர் வருகிறது என்பதால் ஆளுக்கொரு போனில் வரச்சொன்னார் கவுன்சலர். திரையில் நாலு பெட்டி. ஒரு பெட்டியில் கவுன்சலர், அவருக்குப் பின்னால் பச்சைத் திரைச்சீலை, அவ்வப்போது குறுக்கே போகும் ஒரு பூனையின் வால். இன்னொரு பெட்டியில் மனைவி, சமையலறைத் தரையில். மூன்றாவதில் மகள், பின்னால் வெள்ளை ஓடுகள், ஒரு வாளி, பல் துலக்கும் பிரஷ்கள் வைத்த குவளை. நாலாவதில் பம்பரம், ஏதாவது ஒரு கட்டடத்தின் உச்சியில். சனிக்கிழமை வேலை இருக்கிறது என்பது பாதி உண்மை. உட்கார வேண்டாமே என்பது மீதி. போனைக் கையில் பிடித்துக்கொண்டு மொட்டைமாடியை அளந்தபடி பேசுவார். கவுன்சலருக்கு அவர் முகத்தைவிட வானம்தான் அதிகம் தெரிந்தது.

"சார், கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார்.

"இதோ மேடம்" என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்வார்.

மகள் பேச்சை நிறுத்திய சமயத்தில் வீட்டில் என்ன மாறியது என்று கவுன்சலர் கேட்டதற்கு, ஒன்றுமே மாறவில்லை என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் முழுக் கதவையே மறைத்தார். மனைவி புருஷனைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று வாயைத் திறக்கவில்லை. மகளோ, அவர் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்தாள். இப்படியே நாலு வாரம் போயிற்று.

ஐந்தாவது வாரம் கவுன்சலர் மகளிடம் கேட்டார்: "ரொம்ப நாளா கேக்கணும்னு நினைச்சேன். நீ ஏம்மா எப்பவும் பாத்ரூம்லேர்ந்தே பேசுற?"

"இந்த வீட்டுக்குள்ள தாழ்ப்பாள் போட முடியற கதவு இது ஒண்ணுதான் மேடம்."

"ஏன், உன் ரூம்ல?"

"அவரைக் கேளுங்க."

பம்பரம் போனைத் தட்டிப் பார்த்தார். "ஹலோ? ஹலோ? சிக்னல் விட்டு விட்டு வருது மேடம்" என்றார். அவருக்கு நேர் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், ஒரு செல்போன் கோபுரம் நின்றது. அது எல்லோருக்கும் தெரிந்தது. அவர் போனை அணைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்தபோது அறை வாசலில் மகளுடைய பெரிய பயணப் பை நிற்பதைப் பார்த்தார். ஆறு மணி நேரப் பயணத் தூரத்தில் மனைவியின் தங்கை இருந்தாள். அங்கே ஓர் அறை காலியாக இருக்கிறது, பக்கத்திலேயே பள்ளிக்கூடம் இருக்கிறது. கடைசி வருடத்தைச் சித்தி வீட்டிலிருந்தே முடித்துக்கொள்கிறேன் என்று மகள் அம்மாவிடம் சொல்லியிருந்தாள். அடுத்த ஞாயிறு காலை பஸ்.

"பதினாறு வயசுப் பொண்ணு துணி மாத்தறதுக்கு பாத்ரூமுக்கு ஓடுறா. நீங்க கோபுரத்துக்குக் கீழ நின்னுக்கிட்டு சிக்னல் இல்லங்கறீங்க" என்றாள் மனைவி. அவள் சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அடுத்த வாரம் கடைசி. நாலு மணிக்கு நீங்க இந்த சோபாவுல உட்கார்ந்திருக்கணும். மறுபடியும் மொட்டைமாடின்னா, அவ போறதை நான் தடுக்க மாட்டேன். நானே பஸ் ஏத்திவிடுவேன்."

சரி என்றார். மனதாரத்தான் சொன்னார்.

அந்த ஒரு வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. இருப்புக் கொள்ளவில்லை. சேவை அலுவலகத்துக் கோடவுனுக்கு ஒரு நாளைக்கு நாலு தடவை போனார். அங்கே பழைய மோட்டார்களுக்குப் பின்னால், சாக்குப் போர்த்தி, மகளின் கதவு சுவரில் சாய்ந்திருந்தது. ஒரு பூச்சி கிடையாது, பொட்டு கிடையாது. இன்றைக்கு எடுத்துப் போய்விடலாம் என்று சாக்கை விலக்குவார். அந்தத் தாழ்ப்பாள் கண்ணில் படும். உடனே திரும்பப் போர்த்திவிட்டு வந்துவிடுவார். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் செய்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக்கே கையைக் கழுவிவிட்டார். வீட்டுக்கு இருபது நிமிடம். மூன்றே காலுக்கு வேனின் கதவைத் திறக்கும்போது போன் வந்தது. ஒன்பது மாடிக் குடியிருப்பு, ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது, உள்ளே ஆள். இன்னொரு மெக்கானிக் நகரத்தின் மறுகோடியில் இருந்தார். அவர் வர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

வேனுக்குப் பக்கத்தில் மூன்று தடவை சுற்றினார். பிறகு அந்தக் குடியிருப்பை நோக்கித் திருப்பினார். வேறென்ன செய்வார்?

போக்குவரத்து சிக்னல் ஒவ்வொன்றும் அவருக்கென்றே சிவந்தது. போய்ச் சேரும்போது மணி மூன்றே முக்கால். காவலர் அறையில் இருந்த இன்டர்காமை எடுத்தார்.

"உள்ள எத்தனை பேர்?"

"நான் ஒருத்தன்தான்! போதாதா?" என்று ஒரு கனத்த குரல் வெடித்தது. "நான் யார்னு தெரியுமா? வக்கீல்! உங்க கம்பெனியைக் கோர்ட்டுக்கு இழுக்காம விட மாட்டேன்!"

"இழுங்க சார். மூச்சு விட முடியுதா?"

"விட்டுக்கிட்டுதானே பேசறேன்!"

"நல்லது. பத்து நிமிஷத்துல வந்துடுவேன் வக்கீல் சார். சரியா பத்து. கதவை மட்டும் நீங்க தொட வேண்டாம்."

ஒன்பது மாடியையும் படியேறி மொட்டைமாடிக்குப் போனார். மெஷின் ரூமைத் திறந்து, மின்சாரத்தை நிறுத்தினார். இனி பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி, லிஃப்டை ஏதாவது ஒரு மாடிக்கு நேராகக் கொண்டுவர வேண்டும். கம்பிவடத்தில் ஒவ்வொரு மாடிக்கும் மஞ்சள் வண்ணத்தில் குறி இருக்கும். இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலை. சட்டைப் பையில் போன் மணி அடித்தது. நாலு மணி.

அணைத்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. போன வாரம் அணைத்தது ஞாபகம் வந்தது. அழைப்பை ஏற்று, போனை மின்பெட்டியின் மேல் சாய்த்து வைத்தார்.

திரையில் இந்தத் தடவை மூன்றே பெட்டி. மனைவியும் மகளும் ஹாலில், சோபாவில். நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள். மனைவி அவருக்குப் பின்னால் தெரிந்த மோட்டாரையும் கம்பிவடத்தையும் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

"சார், இன்னிக்கு வீட்ல இருப்பீங்கன்னு..." என்று கவுன்சலர் ஆரம்பித்தார்.

"உள்ள ஒருத்தர் இருக்கார் மேடம். ஒரே நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று பிரேக்கைப் பிடித்தபடி சொன்னார்.

மகள் கவுன்சலரைப் பார்த்துத்தான் பேசினாள். "பாத்தீங்களா மேடம்? யாரோ ஒருத்தருக்குக் கதவைத் திறந்துவிட இந்த ஓட்டம் ஓடுறாரு. என்னை ஒரு கதவை மூடிக்க விட மாட்டேங்கறாரு. நான் நாளைக்குப் போறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்."

அவர் அதைக் கேட்டார். ஒரு சொல் விடாமல் கேட்டார். ஆனால் கேட்டிருக்க வேண்டிய இன்னொன்று அவர் காதில் விழவில்லை: இன்டர்காமில் வக்கீலின் சத்தம். மெஷின் ரூமில் இருந்த இன்டர்காம் கருவியை எடுத்துக் காதில் வைத்தார்.

"வக்கீல் சார்?"

பதில் இல்லை.

"வக்கீல் சார், வந்துட்டேன். கேக்குதா?"

பதில் இல்லை.

வீட்டில் இருந்த இருவரும், முன்பின் தெரியாத அந்தக் கவுன்சலரும் பார்க்கும்படி அந்த மனிதரின் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. சாய்வு நாற்காலிக் குரல் எங்கேயோ போய்விட்டது. "சார், பேசுங்க. திட்டுங்க சார், பரவால்ல, கோர்ட்டுக்கு இழுங்க, ஏதாவது பேசுங்க!" என்று கத்தினார். கருவியை விட்டெறிந்தார். சக்கரத்தைச் சுற்றினார். கை வியர்த்து வழுக்கியது. "வரேன், வந்துட்டேன், வந்துட்டேன்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே சுற்றினார். மஞ்சள் குறி நேராக வந்ததும் பிரேக்கைப் போட்டு, போனைப் பிடுங்கிப் பையில் செருகிக்கொண்டு படியிறங்கி ஓடினார். சோபாவில் இருந்தவர்களுக்கு இருட்டுதான் தெரிந்தது, தடதடவென்ற காலடிச் சத்தமும், விசும்பல் மாதிரி ஒரு மூச்சும்தான் கேட்டன. மகள் போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

ஆறாவது மாடியில் முக்கோணச் சாவியைப் போட்டுக் கதவைத் தள்ளினார்.

வக்கீல் லிஃப்டின் மூலையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தலை சாய்ந்திருந்தது. வாய் திறந்திருந்தது. பம்பரம் முழங்காலில் விழுந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்.

வக்கீல் கண்ணைத் திறந்தார். இரண்டு காதிலிருந்தும் குமிழ் மாதிரி எதையோ பிடுங்கினார். "வந்தாச்சா? பத்து நிமிஷம்னு சொன்னீங்க, அதான் பாட்டை வெச்சுக்கிட்டு கொஞ்சம் கண்ணசந்தேன். வீட்டுல எங்கங்க இப்படி ஒரு அமைதி கிடைக்குது!" என்றார். காலணியை மாட்டிக்கொண்டு, வழக்கு எதுவும் போடாமல், மேல்மாடிக்குப் படியேறிப் போனார்.

பம்பரம் படிக்கட்டில் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். பையிலிருந்து போனை எடுத்தபோது மூன்று பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, அவரே சொல்ல ஆரம்பித்தார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த மூணாவது வருஷம் மேடம். ஒரு ஆபீஸ் கட்டடம். நாப்பது நாப்பத்தஞ்சு வயசுல ஒரு கிளார்க் உள்ள மாட்டிக்கிட்டார். லிஃப்ட் போன்ல அவர்கிட்ட பேசினேன். 'பரவாயில்ல தம்பி, மெதுவா வா'ன்னார். கிளம்பறப்ப மறுபடி கூப்பிட்டேன், பதில் இல்ல. சரி, ஆள் அமைதியாயிட்டார்னு நினைச்சேன். போற வழியில..." சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். "போற வழியில நின்னு ஒரு டீ குடிச்சேன். அஞ்சு நிமிஷம். திறந்தப்ப இப்படித்தான், மூலைல, தலை சாஞ்சு உட்கார்ந்திருந்தார். உலுக்கினேன். அவர் முழிக்கல. நெஞ்சு வலின்னாங்க. நீ சீக்கிரம் வந்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு டாக்டரே சொன்னார். யாரும் என்னை ஒரு வார்த்தை கேக்கல. அந்த டீயைப் பத்தி நானும் யார்கிட்டயும் சொல்லல. இவகிட்டகூட."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் டீயைத் தொட்டதில்லை. பித்தம் என்றுதான் சொல்லிவைத்திருந்தார்.

"மூடின கதவுக்குப் பின்னால சத்தம் வரலன்னா எனக்கு அது தூக்கம்னு தோணாது மேடம். அன்னிக்கு என் பொண்ணு... கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். பயந்துட்டேன். பயந்ததைச் சொல்ல வெக்கப்பட்டுக் கத்திட்டேன். அந்தக் கதவை நான்தான் கழட்டினேன்."

கவுன்சலரின் பெட்டியில் பூனையின் வால் குறுக்கே போயிற்று. சோபாவில் மகள் போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"அந்த ஆளு செத்தது உன் தப்பில்ல. என் கதவைக் கழட்டினது உன் தப்பு."

"ஆமா" என்றார்.

"கதவு எங்க?"

"கோடவுன்ல."

"கரையான்?"

"ஒரு பூச்சியும் கிடையாது."

"அது எனக்கு அப்பவே தெரியும்" என்றாள் மனைவி கண்ணைத் துடைத்தபடி. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இவர் கண்ணுக்கு மூடினதெல்லாம் பேய்."

கவுன்சலர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் ஏதோ பெரிய உபதேசம் வரப்போகிறது என்று நினைத்தார்கள். "சார், அந்தக் கதவை ஒரு ஆளா தூக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும் மேடம்."

"அப்ப நான் உங்க நேரத்தை எடுத்துக்கல. கிளம்புங்க" என்று சொல்லிவிட்டு, அரை மணி நேரம் மிச்சம் இருக்கும்போதே திரையிலிருந்து மறைந்துபோனார்.

ஆறரை மணிக்குக் கதவு வீட்டுக்கு வந்தது. அவர்கள் வீடு நாலாவது மாடி. நேராக வைத்துப் பார்த்தார், சாய்த்து வைத்துப் பார்த்தார், கதவு லிஃப்டுக்குள் நுழைவேனா என்றது. இருபத்தைந்து வருடம் லிஃப்டுக்கே உழைத்த மனிதர் கதவை முதுகில் சுமந்துகொண்டு படியேறினார். இரண்டாவது மாடியில் மனைவி வந்து பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். வழியெல்லாம் "இடிக்காதீங்க", "நீ தள்ளாத", "வலப்பக்கம்", "யாரோட வலப்பக்கம்?" என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தார்கள்.

மகள் படுக்கை விரிப்பைக் கயிற்றிலிருந்து இறக்கியிருந்தாள். பயணப் பை, பூட்டிய ஜிப்போடு, வாசல் ஓரத்தில் அப்படியே நின்றது. கருவிப் பையின் அடியிலிருந்து பம்பரம் ஒரு துணி முடிச்சை எடுத்தார். மூன்று கீல் ஆணிகளும் எண்ணெய் பூசி அதற்குள் இருந்தன. மூன்று மாதமாகக் கூடவே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்.

"கொஞ்சம் தூக்கிப் பிடிக்கணும்" என்றார் சுவரைப் பார்த்து.

மகள் வந்து பிடித்தாள். முதல் ஆணி, இரண்டாவது, மூன்றாவது. கதவு ஒரு முனகலோடு தன் இடத்தில் உட்கார்ந்தது. தாழ்ப்பாளுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார்.

"மறுபடி கழட்ட முடியுமா?" என்று மகள் கேட்டாள்.

"கீல் வெளிய இருக்கு. முடியும்."

அவர் சுத்தியலை அவளிடம் நீட்டினார். "இதை உள்ள வெச்சுக்கோ."

"உன்கிட்ட இன்னும் நாலு சுத்தியல் இருக்கு."

"இருக்கு" என்று ஒப்புக்கொண்டார்.

அவள் சுத்தியலை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு சத்தமே இல்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. பம்பரம் ஹாலை அளக்க ஆரம்பித்தார். சாவிக்கொத்து விரலில் ஏறியது. மனைவி அதைப் பிடுங்கி மேசைமேல் வைத்தாள். "வந்து உட்காருங்க" என்றாள். உட்கார்ந்தார், எழுந்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று. பயணப் பையைப் பார்த்தார். நாளைக் காலை பஸ். கதவைப் பார்த்தார். தட்டக் கூடாது என்று தெரியும். கை தட்டத்தான் போயிற்று, அதை மறு கையால் பிடித்துக்கொண்டார். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்று, அந்தச் சாய்வு நாற்காலிக் குரலில் கேட்டார்:

"உள்ள எத்தனை பேர்?"

சமையலறையில் குழாய் சொட்டியது.

"ஒருத்தி" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"மூச்சு விட முடியுதா?"

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை மட்டும் வெளியே வந்து, தரையைத் தடவி, பயணப் பையின் பிடியைத் தேடிப் பிடித்து, தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டது. கதவு மூடியது. தாழ்ப்பாள் மறுபடி விழுந்தது.

"இப்பதாம்ப்பா முடியுது" என்றாள் மகள். "நீ போய் ஒரு டீ குடி."